உங்களுக்கு மட்டும்தாம்மா இப்படி

அக்காவுக்கு முதலில் காணாமல் போனது கைபேசி மணி. ஊசி போட ஆரம்பித்து மூன்றாவது மாதம் இருக்கும். மேசைமேல், அவள் கைக்கெட்டும் தூரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். நான் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து எடுப்பேன். "சைலண்ட்ல போட்டிருக்கியாக்கா?" என்று கேட்டால், "அடிக்கவே இல்லையேடா" என்பாள். அப்புறம் காதுக்குள் ஓர் இரைச்சல் தொடங்கியது. யாரோ குழாயை மூடாமல் விட்டுவிட்டார்கள் என்று நடுராத்திரியில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். குழாய் மூடித்தான் இருக்கும்.

அவளுக்கு வந்தது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு உலகமெங்கும் கொடுத்த சிகிச்சை ஏறக்குறைய இரண்டு வருடம். அதில் முதல் எட்டு மாதமளவுக்கு அநேகமாகத் தினமும் ஊசி. கனமைசின் என்று ஒரு மருந்து. நம் உள்காதில் ஒலியை வாங்கிக்கொள்ளும் மிகச் சிறிய மயிர்செல்கள் உண்டு. இந்த வகை மருந்து அவற்றைக் கொன்றுவிடும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்கள்தான் முதலில் போகும், மணியோசை, குருவிச் சத்தம், குழந்தையின் கீச்சுக்குரல் என்று. எதிரே உட்கார்ந்து பேசுபவரின் பேச்சு அப்போதும் கேட்கும். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். பேச்சு கேட்காமல் போகும்போது காலம் கடந்திருக்கும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அக்கா இரைச்சலைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "உங்களுக்கு மட்டும்தாம்மா இப்படி. மத்தவங்க யாரும் சொல்லலையே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார். அவரிடம் அதே வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப்போன இன்னொருவர் அடுத்தமுறை அதைச் சொல்லாமல் விட்டிருப்பார். சொன்னவர்கள் சொன்னதையும் யாரும் எங்கும் எழுதவில்லை. எழுதாதது நடக்காததாகிவிட்டது.

அதற்கப்புறம் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ நாட்டு நோயாளிகளின் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். நோயும் மொழியும் வேறு வேறு, வாக்கியம் மட்டும் ஒன்றேதான். பதவியோ பணமோ இல்லாத சாதாரண மனிதர்கள் தங்கள் கதையைச் சொல்லிச் சொல்லி அரசாணைகளையும் சிகிச்சை விதிகளையும் மாற்றியிருக்கிறார்கள் என்றால், அந்த வேலை பெரும்பாலும் இந்த வாக்கியம் உடைகிற இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பிரிட்டனில் நடந்த ஒன்று இதற்கு நல்ல சாட்சி. குழந்தைப்பேற்றுக்குப் பிறகு சிறுநீர் கசிவால் அவதிப்பட்ட பெண்களுக்கு இடுப்புக்குள் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை பல வருடங்களாக நடந்துவந்தது. பலருக்கு அது பயன்பட்டது. வேறு பலருக்கு வலை திசுக்களை அறுத்து, நடக்கவோ உட்காரவோ முடியாத வலியைத் தந்தது. அவர்கள் போய்ச் சொன்னபோது கிடைத்த பதில், இது அபூர்வம், உங்களுக்கு மட்டும்தான். 2015இல் கேத் சான்சம் என்ற பத்திரிகையாளர், தானும் இந்த அறுவை சிகிச்சையால் பாதிக்கப்பட்டவர், ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். சில பேரோடு தொடங்கியது ஆயிரக்கணக்கானோராக வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் அதற்கு முன்பே பாதிக்கப்பட்ட பெண்கள் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து அழுத்த, 2018 ஜூலையில் இங்கிலாந்தில் அந்த வலை சிகிச்சை நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜூலையில் கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. பெண்கள் சொன்னதைச் சுகாதார அமைப்பு காதில் வாங்கவில்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. நோயாளிகளின் பாதுகாப்புக்கென்றே தனியாக ஓர் ஆணையர் வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருந்தது. 2022இல் அந்தப் பதவியும் வந்தது.

இதைப் பலரும் 'சமூக ஊடகம் அரசாங்கத்தை அசைத்த கதை' என்று சொல்வார்கள். நான் பார்ப்பது வேறுமாதிரி. அந்தக் குழுவின் முதல் இரண்டு வருடப் பதிவுகளை எந்த அமைச்சரும் படித்திருக்கமாட்டார். படித்தவர்கள் அதே வலியோடு இரவில் தூங்காமல் கிடந்த பெண்கள். 'எனக்கும் அப்படித்தான்' என்று கீழே வந்து விழுந்த ஒவ்வொரு பதிலும் அந்த 'அபூர்வம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. நோயாளியின் கதைக்கு முதல் வாசகர் இன்னொரு நோயாளிதான். அதிகாரி ரொம்பப் பின்னால் வருவார். இந்த வரிசையை மாற்றிக்கொண்டு நேராக அமைச்சரை டேக் செய்து நூறு பதிவு போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் காற்றில் போகிறது.

2020இல் இதையே உலகமே பார்க்கும்படி மறுபடி நடத்திக்காட்டினார்கள். கொரோனா வந்த புதிதில், லேசான தொற்று என்றால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் சொல்லப்பட்டது. மூன்று மாதமாகியும் மாடிப்படி ஏற முடியாதவர்கள் வீட்டுக்குள் தனித்தனியாகக் கிடந்தார்கள். மே 20ஆம் தேதி இத்தாலியைச் சேர்ந்த எலிசா பெரேகோ என்ற தொல்லியல் ஆய்வாளர் தன் நிலையை ட்விட்டரில் எழுதும்போது 'லாங் கோவிட்' என்ற ஹேஷ்டேகைப் பயன்படுத்தினார். ஒரு நோய்க்கு நோயாளிகளே, அதுவும் ட்விட்டரில், பெயர் வைத்தார்கள். அதே மாதம் நோயாளிகளே நடத்திய ஒரு கணக்கெடுப்பு 640 பேரின் அறிகுறிகளைத் தொகுத்து வெளியிட்டது. ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயாளிக் குழுக்களைக் கூப்பிட்டுப் பேசியது. அடுத்த வருடம் அக்டோபரில் அந்த நோய்க்கு அதிகாரபூர்வமான வரையறையே வந்துவிட்டது. பெயரில்லாத நோய்க்கு விடுப்பு விண்ணப்பம்கூட எழுத முடியாது. பெயர் வந்த பிறகுதான் படிவத்தில் அதற்கு ஓர் இடம் வந்தது, ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

அக்கா குணமானாள். நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். இடது காது முழுக்கப் போயிருந்தது, வலதில் பாதிக்குமேல் போயிருந்தது. அவள் போனை முகத்துக்கு நேரே வைத்துப் படிக்கிற வாழ்க்கைக்கு வந்தது அப்போதுதான். அப்படித்தான் ஒரு நாள் பூமேசா டிசைல் எழுதியது அவள் கண்ணில் பட்டது. தென்னாப்பிரிக்காவில் 2010இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது காசநோய் வந்து, சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நோயாளிகளுக்காக நடத்திய வலைப்பதிவில் சிகிச்சை நடக்கும்போதே எழுதிவந்தார். அக்காவின் ஆங்கிலம் சுமார்தான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாக அர்த்தம் கேட்டாள். முடித்ததும் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப எனக்கு மட்டும் இல்லடா" என்றாள்.

மறுநாள் அவளே ஃபேஸ்புக்கில் ஒரு சின்னக் குழு தொடங்கினாள். எழுதித் தருவது என் வேலை.

முதலில் நான் எழுதியது அவள் கதையைத்தான். உருகி உருகி எழுதினேன். ஊசி போட்ட வலி, இரவில் குழாயைத் தேடிப் போனது, அவள் அழுதது, நாங்கள் அழுதது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கீழே வந்த பதில்களை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. 'பாவம்.' 'முதலிலேயே நல்ல டாக்டரைப் பார்த்திருக்கலாமே.' 'இரைச்சல் வந்தவுடனே ஊசியை நிறுத்தியிருக்க வேண்டாமா?' கடைசியில் பழி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஷாந்தோ ஐயங்கார் என்ற அரசியல் உளவியலாளர் 1980களில் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. வறுமை போன்ற ஒரு பிரச்சனையை ஒரு தனி மனிதரின் கதையாக மட்டும் காட்டினால், பார்ப்பவர்கள் காரணத்தை அந்த மனிதரிடமே தேடுகிறார்கள். அதையே சூழலோடு, பின்னணியோடு காட்டினால் அரசும் சமூகமும் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். நான் அக்காவின் கண்ணீரைக் காட்டினேன். அவள் நடந்த கட்டடத்தைக் காட்டவில்லை.

திரும்ப எழுதினேன். கண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமல். அக்கா ஒவ்வொரு மாதமும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். எடை பார்த்தார்கள். சளி வாங்கினார்கள். ரத்தம் எடுத்தார்கள். சிகிச்சை அட்டையில் அதற்கெல்லாம் கட்டம் இருந்தது, கட்டங்களை நிரப்பினார்கள். காதுக்குக் கட்டம் இல்லை. காதை யாரும் பார்க்கவில்லை. காது கேட்கும் அளவைச் சோதிக்கும் அறை அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது.

அவ்வளவுதான் எழுதினேன். இந்தமுறை யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. 'இரண்டாவது மாடிக்கு ஏன் அனுப்பவில்லை?' என்று கேட்டார்கள். அது எங்களுக்கு வேண்டிய கேள்வி.

அதோடு குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தோம். எந்த ஊசி, எத்தனையாவது மாதத்தில் மாற்றம் தெரிந்தது, முதலில் எந்தச் சத்தம் போனது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். 30 பேருக்கு மேல் சேர்ந்தபோது, ஐந்தாவது கேள்விக்கான பதில்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லா வரியும் ஒன்றுதான்.

தனிக் கதைக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு சிக்கலானது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டெபோரா ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் சிலர் கையில் 5 டாலர் கொடுத்து, பட்டினிக்கு உதவ எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சிறுமியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43. எண் சேர்ந்ததும் மனசு இறுகிவிடுகிறது. நன்கொடை கேட்பவர்களுக்கு இந்தப் பாடம் போதும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரி நன்கொடை தருபவர் இல்லை. அவர் கேட்கும் முதல் கேள்வியே 'எத்தனை பேர்?' என்பதுதான். எண் இல்லாமல் போனால் 'தனிநபர் புகார்' என்று மேலே எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அதனால் பொதுவெளியில் ஒரு முகம், மேசைமேல் ஒரு கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டோம். இதில் நாங்கள் தேர்ந்தவர்கள் இல்லை, அடிபட்டுக் கற்றோம்.

முகம் என்று சொன்னேன். அதில்தான் நான் செய்த தப்பும் இருக்கிறது. குழுவில் ஒரு பெண் இரவில் நீளமாக ஒரு குறிப்பு அனுப்பினார். ரொம்ப நல்ல எழுத்து. 'பொதுவுல போடலாமா?' என்று கேட்டேன். 'போடுங்க' என்றார். பெயரை மாற்றிவிட்டுப் போட்டேன். அவர் பார்க்கும் வேலையையும் ஷிஃப்ட் நேரத்தையும் மாற்றவில்லை. மறுநாள் மதியத்துக்குள் அவரோடு வேலை செய்பவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காசநோய் என்று தெரிந்ததும் அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி காலியானது. நான் பதிவை நீக்கினேன், ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே சுற்ற ஆரம்பித்திருந்தது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. குழுவிலிருந்து வெளியேறினார், அவ்வளவுதான். அதன்பிறகு யாருடைய கதையையும் ஒருமுறை கேட்டதோடு போட்டதில்லை. எழுதும்போது கேட்பேன், ஒரு வாரம் கழித்துக் கேட்பேன், போடுகிற அன்று காலையில் இன்னொருமுறை கேட்பேன். இரவில் சொன்ன 'போடுங்க' பகலில் மாறலாம். மாறினால் அதோடு விட்டுவிட வேண்டும்.

கதை சொல்பவருக்கு ஆகும் விலை வெறும் சங்கடத்தோடு நிற்பதும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1998 டிசம்பரில் குகு டிலாமினி என்ற பெண், தனக்கு எச்ஐவி இருப்பதைப் பொதுவில் சொன்னதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே டிசம்பரில்தான் அங்கே சாக்கி அக்மத்தும் தோழர்களும் சிகிச்சைக்கான செயல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது இன்றைக்கும் என்னை வியக்கவைக்கிறது. 'எச்ஐவி பாசிட்டிவ்' என்று நெஞ்சில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட டி-ஷர்ட்டை எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், தொற்று இருப்பவரும் இல்லாதவரும். கூட்டத்தில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 2002இல் நெல்சன் மண்டேலாவே அதைப் போட்டுக்கொண்டார். அக்மத் இன்னும் ஒருபடி மேலே போனார். அரசு மருத்துவமனையில் சாதாரண மக்களுக்குக் கிடைக்கும்வரை எச்ஐவி மருந்தைத் தானும் தொடமாட்டேன் என்று அறிவித்து உடம்பைப் பணயம் வைத்தார். கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு கொடுத்தாக வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வழக்கறிஞர்களின் உழைப்பு எவ்வளவு இருந்ததோ, மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெருத்தெருவாகப் பாடம் எடுத்த நோயாளிகளின் உழைப்பும் அவ்வளவு இருந்தது. அப்போது ட்விட்டரும் இல்லை, ஃபேஸ்புக்கும் இல்லை.

அந்த டி-ஷர்ட்டிலிருந்துதான் எங்களுக்கு யோசனை வந்தது. ஒரே நாள், ஒரே மணி. 30 பேரும் அவரவர் சிகிச்சை அட்டையைப் படமெடுத்துப் போட்டார்கள். முகம் இல்லை, பெயர்மேல் கட்டைவிரல். எடைக்குக் கட்டம், சளிக்குக் கட்டம், ரத்தத்துக்குக் கட்டம். படத்துக்குக் கீழே எல்லோரும் எழுதியது ஒரே வரி: 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்றார்கள்.' படத்தைத் தள்ளத் தள்ள வேறு வேறு கட்டைவிரல்கள் வந்துகொண்டே இருக்கும். எத்தனை லைக் வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு செய்தியாளர் பார்த்தார். அவர் அதிகாரியைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். அதிகாரி பதிவைப் பார்க்கவே இல்லை, செய்தியாளரின் போனைத்தான் எடுத்தார். எங்களுக்குச் சந்திக்க நேரம் கிடைத்தது அப்படித்தான்.

சந்திப்பு பத்து நிமிடம்கூட இல்லை. அக்கா பேசினாள், நான் கூட உட்கார்ந்து அவர் சொல்வதைத் தாளில் எழுதி அவளுக்குக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் நிதானமாக, "சரி, இப்போ நான் என்ன செய்யணும்னு சொல்றீங்க?" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் பதில் இல்லை. வேதனையைக் கொண்டுபோயிருந்தோம், கோரிக்கையைக் கொண்டுபோகவில்லை. 'ஏதாவது செய்யுங்க சார்' என்று ஓர் அதிகாரியிடம் சொன்னால் அவர் செய்யக்கூடியது அனுதாபப்படுவது ஒன்றுதான்.

அடுத்தமுறை போக நான்கு மாதம் ஆனது. அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனோம். முதல் ஊசிக்கு முன்னால் ஒரு செவித்திறன் பரிசோதனை. ஊசி நடக்கும்வரை மாதம் ஒன்று. சிகிச்சை அட்டையில் அதற்கு ஒரு கட்டம். புதுக் கட்டடம் கேட்கவில்லை, புது இயந்திரம் கேட்கவில்லை. மூன்றாவது வரியைப் பற்றி அக்காதான் பிடிவாதமாக இருந்தாள். முதல் இரண்டு வரியை யாரும் மறந்துவிடலாம், அட்டையில் காலியாக ஒரு கட்டம் இருந்தால் யாராவது ஒருவர் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. கொள்கை என்றால் என்னவென்று கேட்டால் எனக்கு இப்போது அந்தக் கட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆணை வந்தது. கட்டமும் வந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் எங்களைத் தாண்டி எங்கெங்கோ நடந்துகொண்டிருந்தது. பெடாகுவிலின் என்ற மாத்திரை வந்தபிறகு, காதைக் கொல்லும் ஊசிக்கு அவசியமே குறைந்தது. 2018 ஜூனில் தென்னாப்பிரிக்கா ஊசிக்குப் பதிலாக அந்த மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் கனமைசினை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. மாத்திரையின் விலைதான் தடையாக நின்றது. அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதன் உப்பு வடிவத்துக்கு, அதாவது அதே மருந்தின் இன்னொரு வேதி வடிவத்துக்கு, இந்தியாவில் இன்னொரு காப்புரிமை கேட்டிருந்தது. கிடைத்திருந்தால் 2023இல் முடிய வேண்டிய ஏகபோகம் 2027வரை நீண்டிருக்கும். 2019இல் அதை எதிர்த்து மனு போட்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். இன்னொருவர், அக்காவை அன்று பேச்சற்று உட்காரவைத்த அதே பூமேசா டிசைல். இருவரும் காசநோய் மருந்தால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது.

ஆனாலும் பல நாடுகளில் அந்த இரண்டாவது காப்புரிமை இன்னும் உயிரோடு இருந்தது. அந்த ஜூலையில், முதல் காப்புரிமை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் யூடியூபில் ஒரு காணொளி போட்டார். பல வருடமாகக் காசநோயைப் பற்றிப் பேசிவருபவர். அவருடைய வாசகர்கள் ஆயிரக்கணக்கில் நிறுவனத்தின் பக்கங்களில் போய்க் கேள்வி கேட்டார்கள். இரண்டு நாளில், உலக மருந்துக் கொள்முதல் அமைப்பு வழியாகப் பல ஏழை நாடுகளுக்கு மலிவு மாத்திரை வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. செப்டம்பரில், 134 நாடுகளில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று நிறுவனமே சொன்னது.

இதை 'ஒரே காணொளியில் நடந்த அதிசயம்' என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். காணொளிக்குப் பின்னால் நான்கு வருட மனு இருந்தது. மனுவுக்குப் பின்னால் அதற்கும் பல வருடம் முன்பே தொடங்கிய வலைப்பதிவு இருந்தது. பேச்சுவார்த்தைகள் ஏற்கெனவே மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்தன. சரியான வாரத்தில் எழுந்த சத்தம் கடைசித் தள்ளலைக் கொடுத்தது, அதற்கான பெருமையும் அதற்கு உண்டு. அது தள்ளிய கதவு எந்தக் கதவு, எந்தத் தேதியில் பூட்டு தளர்கிறது என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கதை ஒரு கருவி, அது யார் கையிலும் வேலை செய்யும். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010இல் லான்செட் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. கட்டுரை போனபின்னும் அதையொட்டிப் பிறந்த கதைகள் போகவில்லை. அவற்றைச் சொன்ன பெற்றோரில் பலர் பொய் சொல்லவில்லை, தங்கள் கண்ணால் கண்ட வரிசையைத்தான் சொன்னார்கள். அந்த வரிசைக்குக் கொடுத்த காரணம் தவறு. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் சொல்வதை அப்படியே நம்புவோம், வெளியே போடுமுன் மருந்துச் சீட்டையும் பரிசோதனைத் தாளையும் கேட்போம். சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் கதையைச் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்தார்கள். நாளைக்கு ஒருவர் வந்து கிழிக்க முடியாதபடி அதைத் தைத்துக் கொடுக்கிறோம் என்று அக்கா ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்குவாள். மருந்துக் கம்பெனிகளும் நோயாளிகளின் கதைகளைத் தேடிவருவார்கள். எங்களுக்கும் ஒருமுறை 'உதவி' வந்தது, வீடியோ எடுத்துத் தருகிறோம், கேமரா செலவு எங்களுடையது என்று. யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டோம். பதில் சுற்றிவளைத்து வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நோயாளி பேசுவது என்பதே ஒரு காலத்தில் மேடையைப் பறித்துச் செய்ய வேண்டியதாக இருந்தது. 1983இல் டென்வரில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில் எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் மேடையேறி ஓர் அறிக்கையை வாசித்தார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள், எங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் நாங்களும் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைக்கு அந்த மேடை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி இன்னும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கதை சொல்லக் கூப்பிடுவார்கள், கேட்டு முடித்ததும் கைதட்டுவார்கள், அப்புறம் கதவை மூடிக்கொண்டு முடிவெடுப்பார்கள். அக்காவை இப்படி இரண்டு கூட்டங்களுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, "பேசின பிறகும் உள்ளே உட்கார விடுவீங்களா?" என்று எழுதிக் கேட்டாள். பதில் வர ஒரு வாரம் ஆனது. விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவளுக்காகப் பேச்சைத் திரையில் எழுத்தாக ஓடவிட ஓர் ஆளையும் போட்டார்கள்.

ஆணை வந்து ஆறு மாதம் இருக்கும், ஊசி இன்னும் நடப்பில் இருந்த காலம். அக்காவுக்கு வலது காதை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது மாடிக்குப் போனோம். நாங்கள் முதலில் போனபோது அந்த வராந்தா காலியாக இருக்கும், கதவில் பூட்டுகூடத் தொங்கும். அன்றைக்கு பெஞ்சு நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் புது அட்டை. அக்கா டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரமாவது ஆகும், நீ போய் வேலையைப் பாரு" என்றாள். நான் போகவில்லை. பக்கத்தில் நின்றிருந்த பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, அட்டையை நீட்டி, "இந்தக் கட்டம் எதுக்குக்கா?" என்று அவளைக் கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. நான் தோளைத் தொட்டுக் காட்டியதும் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து, "இன்னொரு தடவை மெதுவா சொல்லு தம்பி" என்றாள்.